பன்னிரண்டு நாள் முந்திய சோயா

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதன் பின் நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் காணாமல் காலம் தள்ளிவிட்டு, வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வழக்கத்தைவிடப் பன்னிரண்டு நாள் முன்னதாக விளையும் சோயாவைக் காண இருக்கிறது. அனைவரும் வருக. வாகனங்களை இடப்பக்கமாக நிறுத்தவும்.

அச்சான அழைப்பிதழில் இந்த வாசகம் இல்லை. ஆனால் பயிர் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் எழுதிய ஏழு வரைவுகளில் மூன்றாவது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அட்டையில் இடம் போதவில்லை என்று சொல்லித் தட்டச்சர்தான் நெருப்பையும் சக்கரத்தையும் எடுத்தார். இயக்குநரின் பெயரும் பட்டங்களும் நான்கு வரி பிடித்துக்கொண்டதால் மனித குலத்தையும் எடுக்க வேண்டி வந்தது. கடைசி வரியில், எறும்புதான் படிக்க முடியும் என்கிற அளவு எழுத்தில், ‘மற்றும் குழுவினர்’ என்று இருந்தது.

குழுவினர் என்பது ஒரே ஒரு பெண். வயது ஐம்பத்து நான்கு. சோயாவில் புது ரகம் உண்டாக்குவது அவள் வேலை. முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்றார்கள், நாலடி தள்ளிப் போனதும் ‘காலண்டர்’ என்றார்கள். எந்தச் செடியைக் காட்டி என்ன கேட்டாலும் அவளிடமிருந்து வருவது ஒரு நாள் கணக்காகவே இருக்கும். நல்லா இருக்கா என்று கேட்டால் நாற்பத்து மூன்று என்பாள். கேட்டது அவளுடைய உடம்பைப் பற்றியாக இருந்தாலும் அதே பதில்தான்.

சோயா பிடிவாதமான பயிர். மழையைப் பார்த்தோ உரத்தைப் பார்த்தோ அது பூப்பதில்லை. இருட்டை அளந்து பூக்கிறது. இரவுகள் ஓர் அளவுக்கு நீண்ட பிறகுதான், சரி, குளிர்காலம் வருகிறது, இனி பிள்ளை குட்டிகளைப் பார்ப்போம் என்று அதற்குத் தோன்றும். இருட்டு போதவில்லை என்றால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டு, கல்யாணப் பேச்சே எடுக்காமல் பச்சையாக நிற்கும். பள்ளத்து நிலங்களில் இந்தப் பிடிவாதம் செல்லாது. அங்கே மழை பிந்தி வரும், பனி முந்தி விழும். அதற்குள் விளையாத பயிர் ஒரே இரவில் வெந்த இலை மாதிரி தொங்கிவிடும்.

அவளுடைய தம்பியின் நிலம் அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் இருந்தது. இந்த வேலையில் அவளுடைய பதினொரு வருடமும் அந்தப் பள்ளத்தில்தான் போனது என்றும் சொல்லலாம்.

வேலை பார்ப்பதற்கு எளிது. காலை ஆறு மணிக்கு வயலில் குனிய வேண்டும். மறுநாள் விரியப்போகிற மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இடுக்கியால் இதழ்களை உரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பத்து மொட்டுக்கு இப்படிச் செய்தால் மூன்று காய்க்கும். காய்ப்பதிலும் கலப்பு நடந்ததா, செடி தானே காரியத்தை முடித்துக்கொண்டதா என்பது அடுத்த வருடம்தான் தெரியும். வெள்ளைப் பூத் தாய்க்கு அப்பனைப் போல ஊதாப் பூப் பிள்ளை பிறந்தால் வெற்றி. வெள்ளையே பிறந்தால், போன வருடம் குனிந்தது வெறும் உடற்பயிற்சி. ஊதா பிறந்த பின்னும் ஆறு தலைமுறை வளர்த்து, முந்தி முற்றுகிறதை வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்க வேண்டும். இதைப் பதினொரு வருடம் செய்தால் ஒரு ரகம் வரும், கூடவே ஒரு முதுகுவலியும். ரகம் வராமல் போவதுண்டு. முதுகுவலி தவறியதே இல்லை.

இயக்குநர் இரண்டு வருடத்துக்கு முன் வந்தவர். வந்த முதல் வாரத்தில் நிலையத்துக்குப் பெயர்ப்பலகை சரியில்லை என்று கண்டுபிடித்தார். வாசலை ஒட்டிச் சாலையோரமாக நாற்பது அடி நீளத்துக்கு ஒரு பலகை எழும்பியது. அதில் நிலையத்தின் பெயர், அதற்குக் கீழே இயக்குநரின் பெயர், அதற்கும் கீழே ‘இருள் அகற்றுவோம்’ என்ற வாசகம். அதைக் கண்ணால் பார்த்தும் நம்பாதவர்களுக்காக வயல் பக்கம் நான்கு கம்பங்கள் நட்டு, கம்பத்துக்கு ஒரு பெரிய விளக்கு. மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கினால் காலை ஆறு மணிக்குத்தான் அணையும்.

இரண்டாவது வாரம் அவர் சோயா பக்கம் திரும்பினார். புது ரகத்தையும் பழைய ரகத்தையும் சின்னச் சின்னப் பாத்திகளாகக் கலந்து, எது எங்கே என்று சீட்டுப் போட்டு விதைப்பது அவளுடைய வழக்கம். மண்ணும் நிழலும் ஒரு ரகத்துக்கு மட்டும் சலுகை காட்டிவிடக் கூடாதே என்றுதான். இயக்குநருக்கு அது குப்பை மாதிரி தெரிந்தது.

“விருந்தினர் காரை விட்டு இறங்காமலே வித்தியாசம் தெரியணும் மேடம். வாசல்கிட்ட ரெண்டு நீளப் பட்டையா போடுங்க. பழசு முன்னாடி, புதுசு பின்னாடி.”

இது ஆய்வு முறைக்கு ஒவ்வாது என்று அவள் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். இயக்குநர் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்தில் எந்தக் கடிதத்துக்கும் அதுதான் அடக்கம்.

அவளும் பட்டையாகவே விதைத்தாள். அந்த வருடம் பழைய ரகம் நூற்றேழு நாளில் முற்றியது, புதியது தொண்ணூற்றைந்தில். அதற்கு முன் எந்த வருடமும் அவளுடைய செடிகள் பழையதைவிட நான்கு நாளுக்கு மேல் முந்தியதில்லை. இப்போது பன்னிரண்டு. கடைசியாகச் செய்த தேர்வுதான் பலித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். விதைக்கிற தேதி மாறினால் பழையதன் கணக்கும் சில நாள் ஏறி இறங்கும் என்பதால் நூற்றேழு அவளுக்கு உறுத்தவில்லை. ஒன்பது வருடம் குனிந்த முதுகு நல்ல செய்தியை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்யாது. அடுத்த வருடமும் பன்னிரண்டு வந்தது. வேறு இரண்டு நிலையங்களிலும் விதைத்துப் பார்க்கச் சொல்லி விதை அனுப்பியிருந்தார்கள். ஓர் இடத்தில் பன்றி தின்றுவிட்டது. இன்னொரு இடத்திலிருந்து, “உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று தொலைபேசியில் கேட்டார்கள், மறுவாரம் பன்னிரண்டரை என்று அறிக்கை வந்தது.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். அவன் அந்த ரகத்துக்கு ‘அவசரக்காரி’ என்று பெயர் வைத்திருந்தான்.

“என்னக்கா, அவசரக்காரி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. இந்த வருஷமும் தொண்ணூத்தஞ்சுல முத்திட்டா. வியாழக்கிழமை வெளியிடறாங்க.”

“பனி தப்பின வருஷத்துல பழசு எனக்குத் தொண்ணூத்தெட்டு நாள். அதுல பன்னிரண்டு போனா எண்பத்தாறு. பனி தொண்ணூறாம் நாள் விழும். நாலு நாள் முன்னாடியே அறுத்துப் போட்டுட்டுக் காலை நீட்டிடலாம்.”

“தொண்ணூத்தெட்டு இல்லடா. நூத்தேழு. நீ முளைச்ச நாள்லேருந்து எண்றே.”

“விதைச்ச நாள்லேருந்துதான் எண்றேன். அன்னிக்குத்தான் மாடு காணாமப் போச்சு. எப்படி மறக்கும்?”

“மாட்டை வெச்சு எண்ணாதே. ஒன்பது நாளை விட்டுடறே, அதனால உனக்குப் பனியும் தொண்ணூறாத் தெரியுது. நிஜத்துல அது தொண்ணூத்தொன்பது. இவ தொண்ணூத்தஞ்சு.”

“எப்படி எண்ணினாலும் நாலு நாள் மிச்சம்தானே?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு மாட்டை இழுக்கறே? சரி, நீ படிச்சவ.” முப்பது வருடமாக அக்காவோடு வரும் எந்த வாக்குவாதத்தையும் அவன் முடிக்கிற விதம் அது. “இந்தத் தடவை தீவனப்புல் கிடையாதுக்கா. மொத்த நிலத்தையும் அவசரக்காரிக்கு விட்டுடறேன். விதை எனக்கு முதல்ல வரணும், ஆமா.”

அவள் தலையாட்டினாள். தொலைபேசியில் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் நினைவு வந்தது. அவ்வளவு அலுப்பு. இரண்டு வாரமாக வயல் பக்கமே போகாமல், ரக வெளியீட்டுக்கான இருநூறு பக்க அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். அதில் நாற்பது பக்கம் இயக்குநரின் தொலைநோக்கு.

திங்கட்கிழமை காலை வயல் மேஸ்திரி அலுவலக வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. கெட்ட செய்தியை அவர் எப்போதும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்வார்.

“அம்மா, கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போங்க. பழசு ஒரு இடத்துல மட்டும் வயசாகி நிக்குது.”

“நோயா?”

“நோய்னா கோணிக்கிட்டுச் சாகும். இது நல்லபடியா வாழ்ந்து முடிச்ச மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தாள். பின்பக்கப் பட்டையில் அவசரக்காரி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பழுப்பாக, காற்றுக்குக் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. முன்பக்கப் பட்டையில் பழைய ரகம் இன்னும் பச்சை. இந்தப் பச்சையும் பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற நாளாகப் பார்த்துத்தான் இயக்குநர் விழாவுக்கு வியாழக்கிழமையைக் குறித்திருந்தார். ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு, யாரோ அளந்து வெட்டி ஒட்டுப் போட்ட மாதிரி, பழுப்பாக நின்றது.

குனிந்தாள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள், அழுகல் இல்லை. காயை உடைத்தாள். உருண்டையாக, கடினமாக, குறை சொல்ல ஒன்றுமில்லாத மணிகள்.

“எப்போ முத்துச்சு?”

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். “நேத்து. தொண்ணூத்தெட்டாம் நாள்.”

அவள் நிமிர்ந்தாள். நிமிரும்போது முதுகு பிடித்துக்கொள்ளும், எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். கைக்குக் கிடைத்தது ஒரு கம்பம். கம்பத்தைப் பிடித்தபடி மேலே பார்த்தாள்.

“மேஸ்திரி, இந்த விளக்கு எரியுதா?”

“இந்த மூணாவதா? இது விதைச்ச மறுவாரமே போச்சுங்களே. மீதி மூணுதான் எரியுது. நான்தான் எழுதிக் குடுத்தேன், மாத்தச் சொல்லி.”

“என்ன ஆச்சு?”

“பார்த்தேன்னு எழுதிட்டாங்க.”

விளக்கை மாற்றக் கோரிய அந்தக் கடிதம் மூன்று மாதமாக மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தது. மின் பிரிவு, இது விளக்கா விளம்பரமா என்று விளக்கம் கேட்டிருந்தது. விளம்பரம் என்றால் வேறு பிரிவு. அந்த வேறு பிரிவில் ஆள் இல்லை. உலகத்தில் எத்தனையோ ஆய்வுகள் அக்கறையால் பிழைத்திருக்கின்றன. இந்த ஆய்வு மெத்தனத்தால் பிழைத்தது.

அவள் அந்தப் பழுப்புத் துண்டின் நடுவில், வரப்பில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் அண்ணாந்து பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார்.

“அப்ப மீதிச் செடியெல்லாம் ராத்திரி வந்ததே தெரியாம நின்னுச்சாம்மா?”

“ரெண்டு வருஷமா.”

“பாவம்.” பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். “பின்னாடி இருக்கற புதுசுக்கு வெளிச்சம் எட்டல, இல்லியா?”

“எட்டல.”

“அப்ப பழசு பிந்தினதுதான். புதுசு முந்தல.”

“மூணு நாள் முந்துது.”

“அதுவும் முந்தறதுதானேம்மா,” என்றார் மேஸ்திரி. ஆறுதல் சொல்வது அவருக்கு வராது என்பது அவருக்கே தெரியும். நோட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் மனதில் இருந்தது மூன்று அல்ல, தொண்ணூற்றெட்டு. தம்பி ஒவ்வொரு வருடமும் சொன்ன எண். மாடு காணாமல் போன நாளிலிருந்து எண்ணிய எண். அவன் நிலத்தில் பெயர்ப்பலகை கிடையாது. அவனுடைய தொண்ணூற்றெட்டு சரி என்றால் அவனுடைய தொண்ணூறும் சரி. பனி தொண்ணூறாம் நாள் விழும். அவசரக்காரி தொண்ணூற்றைந்தாம் நாள், ஐந்து நாள் பிந்தி, நிதானமாக வந்து சேர்வாள். மொத்த நிலமும் போகும்.

செவ்வாய்க்கிழமை இயக்குநரின் அறைக்குப் போனாள். அந்த அறையில் அவருடைய நாற்காலி மற்ற நாற்காலிகளைவிட ஒரு சாண் உயரம். எதிரே உட்காருகிறவர்கள் தானாகவே விண்ணப்பதாரர் போல ஆகிவிடுவார்கள். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர்ப்பலகையின் சின்ன மாதிரி ஒன்று இருந்தது. அதிலும் விளக்கு எரிந்தது. நான்கும்.

“சார், பழைய ரகத்தோட கணக்கு தப்பு. பலகை வெளிச்சம் அதை முத்த விடல.”

“பலகை என்ன பண்ணுச்சு மேடம் அதை?”

“சோயா இருட்டை எண்ணும் சார். நம்ம விளக்கு அதை எண்ண விடல. விளக்கு இல்லாத பத்தடியில தொண்ணூத்தெட்டுலயே முத்திடுச்சு. புதுசு தொண்ணூத்தஞ்சு.”

“அப்ப எவ்வளவு முந்துது?”

“மூணு நாள்.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “மூணுங்கறது ஒரு எண்ணே இல்லையே மேடம். அழைப்பிதழ்ல பன்னிரண்டுன்னு போட்டாச்சு.”

“தெரியும் சார்.”

“பத்தடிதானே. பிடுங்கிடச் சொல்லுங்க.”

அவள் பேசாமல் இருந்தாள். எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லாததால்தான் பேசாமல் இருந்தாள். ஆனால் அவளுடைய மௌனத்தில் ஏதோ கண்டிப்பு இருப்பதாக இயக்குநருக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் வேறு வழியாக வந்தார்.

“நம்ம நிலையத்துச் சூழல்ல பன்னிரண்டு நாள் முந்துச்சுங்கறது உண்மையா இல்லையா?”

“உண்மைதான் சார்.”

“அப்ப ‘எங்கள் நிலையச் சூழலில்’னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க. பொய்யும் இல்ல, புரட்டும் இல்ல.”

“விதை வாங்கறவங்க வயல்ல பலகை இருக்காது சார்.”

இயக்குநர் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வயல்தோறும் ஒரு பலகை என்ற யோசனை அவர் முகத்தில் தோன்றி, கொஞ்ச நேரம் தங்கி, மனமில்லாமல் போனது.

“மேடம், எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறீங்க?”

“இதுல பதினொண்ணு.”

“பதினொரு வருஷம். உங்களுக்குன்னு ஒரு ரகம் இல்ல. யோசிச்சுப் பாருங்க. இதுக்கு என் பேரைத்தான் வைக்கறதா இருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினார். தியாகம் செய்கிறவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள். “உங்க பேரை வெச்சிடலாம்.”

ரக வெளியீட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பதினான்காவது கட்டம்: ‘ஒப்பு ரகத்தைவிட முந்தும் நாட்கள்’. அந்தக் கட்டம் காலி. கீழே, ரகத்தை உண்டாக்கியவர் கையெழுத்து. அது இல்லாமல் படிவம் நகராது. விதிகளை எழுதியவர்கள் எப்படியோ இந்த ஒரு கையெழுத்தை மட்டும் இயக்குநருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

“நாளைக்குக் குடுங்க, போதும்,” என்றார்.

அவள் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் கிடையாது; விதை போட்ட காகித உறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணோடு அடுக்கியிருந்தன. கணவர் இருபது வருடமாக மேசையின் ஒரு மூலையில், தட்டை முழங்கையால் காத்தபடி சாப்பிடுகிறவர். உறைகளைத் தள்ளி, படிவத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் போய்விட்டார்.

தன் பெயர் வைத்த ஒரு செடி. கூச்சமாக இருந்தாலும் அவள் அதை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, பதினான்காவது கட்டத்தின் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பன்னிரண்டு என்று எழுதுவது சுலபம். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த எண், கை தானாகவே எழுதிவிடும். பேனாவை மூடிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“தொண்ணூத்தெட்டு சரிதான்டா,” என்றாள்.

“என்னது?”

“நீ எண்ணினது சரி. நான் சொன்னது தப்பு.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றான்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல.”

“முப்பது வருஷத்துல நீ இப்படிச் சொன்னதே இல்லியேக்கா. பயமா இருக்கு. மாமா பக்கத்துல இருக்காரா?”

அவள் பலகையைப் பற்றிச் சொன்னாள், விளக்கைப் பற்றிச் சொன்னாள், பத்தடியைப் பற்றிச் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாத தம்பியை அவளுக்குப் பழக்கமில்லை. சொல்லச் சொல்ல அவள் குரல்தான் இறங்கிக்கொண்டே போனது.

“அப்ப அவசரக்காரிக்கு எவ்வளவு அவசரம்?”

“மூணு நாள்.”

“பதினொரு வருஷத்துக்கு.”

“ஆமா.”

“எனக்கு எட்டு நாள் வேணும்.”

“தெரியும்டா. அதனாலதான் சொல்றேன். போடாதே. தீவனப்புல்லே போடு.”

அவன் கணக்குப் போடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான், வாய் அசையும், சத்தம் வராது.

“மூணு நாளுக்குப் பதினொரு வருஷம். மீதி அஞ்சு நாளுக்குப் பதினெட்டு வருஷம் ஆகும். எனக்கு இப்போ நாப்பத்தொன்பது.” நிறுத்தினான். “அறுபத்தேழு வயசுல வந்து வாங்கிக்கறேன். எடுத்து வை. வேற யாருக்கும் குடுத்துடாதே.”

“சிரிக்கறியா?”

“பின்னே அழவா சொல்றே? அந்த மாட்டைத் தேடினப்பவே இவ்வளவு நேரம் ஆகல.” பெருமூச்சு விட்டான். “உன் குரலே சரியில்லக்கா. போய்த் தூங்கு. விளக்கை அணைச்சுட்டுத் தூங்கு.”

பதினான்காவது கட்டத்தில் 3 என்று எழுதினாள். சின்னதாக எழுதினால் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்துவிடுவார்களோ என்று, எழுத்திலும் ‘மூன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீரமாகவெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. முதுகு வலித்தது.

புதன்கிழமை இயக்குநர் படிவத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை, கோபத்துக்கு நேரமில்லை, மறுநாள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார். படிவத்தின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதினார். அடுத்த பருவத்திலிருந்து சோயாப் பரிசோதனையைப் பின்பக்க வேலியோரம், எருக்குழிக்கு அந்தப் பக்கம், சின்னப் பாத்திகளில் நடத்த வேண்டும் என்று தனியாக ஓர் உத்தரவும் எழுதினார். அது தண்டனை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு பக்கக் கடிதத்தில் கேட்டதும் அதையேதான். அங்கே இருட்டுக்குப் பஞ்சமே இல்லை.

விழாவை மட்டும் நிறுத்த முடியவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது, ஒலிபெருக்கி வந்தாகிவிட்டது, விருந்தினர் தன் உரையை மனப்பாடம் செய்தாகிவிட்டது. எதையாவது தொடங்கிவைக்க வேண்டும். இந்த நெருக்கடியில்தான், மூன்று மாதம் நடந்து களைத்த மேஸ்திரியின் கடிதம், ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற முத்திரையோடு இயக்குநரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பட்டப்பகலில், புதுப்பிக்கப்பட்ட பெயர்ப்பலகையின் ஒளியமைப்பு கைதட்டலுக்கு நடுவே தொடங்கிவைக்கப்பட்டது. நாடா வெட்டினார்கள். விருந்தினர் பொத்தானை அழுத்தினார். வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை; நம்பிக் கைதட்டினார்கள். இந்த நிலையம் இருளோடு இடைவிடாமல் போராடி வருகிறது என்று இயக்குநர் பேசினார். அதில் மட்டும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பழுப்புத் துண்டின் மேல் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். சோயா என்ற சொல் மேடையில் வரவே இல்லை. விருந்தினர் மட்டும் கிளம்பும்போது காருக்குள்ளிருந்து பச்சையையும் பழுப்பையும் பார்த்து, “வித்தியாசம் நல்லாத் தெரியுதே,” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வயலில் இருந்தாள். விளக்குகள் அப்போதுதான் அணைந்தன, நான்கும். மேஸ்திரி காகித உறைகளோடு வந்தார். பின்பக்கப் பட்டையில் எல்லாவற்றுக்கும் முதலில் காய்ந்த செடிகளுக்குப் போன வாரமே அவர் நூல் கட்டி வைத்திருந்தார். பத்துச் செடி. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து அறுத்துக் கொடுக்க, அவர் உறையில் போட்டு எண் எழுதினார்.

“இனிமே விளக்கு போனா நான் எழுதிக் குடுக்க மாட்டேன்மா,” என்றார்.

“குடுத்தாலும் ஒண்ணுதான்.”

“இதை வேறெதோட கலக்கப் போறீங்க?”

“வடக்கேயிருந்து ஒண்ணு வந்திருக்கு. ரொம்பக் குட்டை, விளைச்சல் கம்மி. ஆனா சீக்கிரம் முத்தும்.”

“திரும்பவும் முதல்லேருந்தா?”

“முதல்லேருந்து இல்ல மேஸ்திரி. மூணுலேருந்து.”

மேஸ்திரி பத்தாவது உறையின் வாயை மடித்தார். தம்பி கேட்ட மீதி ஐந்து நாளுக்கு, இதே வேகத்தில் போனால், பதினெட்டு வருடம் ஆகும்.

அவள் ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது.